கைதட்டிப் படிப்போம்

தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்றதும் பத்தாம் வகுப்பு மாணவியரின் முகம் வாடிவிடும் என்பதைத் தமிழாசிரியைகள் நன்கு அறிவார்கள். குறளை அசை பிரித்து, அலகிட்டு, வாய்பாடு எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் இதனால் வேறு என்ன பயன் என்று நாங்கள் வகுப்பிலேயே முணுமுணுத்ததுண்டு. அந்த முணுமுணுப்புக்கு விடை, இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடமிருந்து கிடைத்தது.

சனிக்கிழமைப் பிற்பகல்களில் எங்களில் ஆறு பேர், பள்ளி வராந்தாவில் சின்னஞ்சிறு தங்கைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம். ஒருநாள் ஒரு தாயார் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ராஜகோபுரத்தின் அருகே பூக்கட்டி விற்பவர் அவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். வேட்டவலம் சாலையில் ஒரு கிராமத்தில் வீடு. “ஏம்மா, பாடத்தப் பாட்டு மாதிரி ஒப்பிக்கிறா. சாயந்திரம் பஸ் ஸ்டாண்டுல போர்டக் காட்டி எந்த ஊருன்னு கேட்டா முழிக்கிறா. என்னான்னு பாருங்கம்மா” என்றார். நாள்தோறும் யாரையாவது கேட்டுத்தான் அவர் பேருந்து ஏற வேண்டியிருந்ததாம். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் கேட்பதற்கு நின்று பதில் சொல்லக்கூட ஆள் இருக்காது அல்லவா?

அச்சிறுமியைச் சோதித்துப் பார்த்தோம். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்துகள் 247. அவற்றில் பெரும்பாலானவை அவளுக்குத் தெரிந்தே இருந்தன! பாடத்தையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். ஆனால் விரல் இரண்டாவது வரியில் இருக்க, வாய் மூன்றாவது வரிக்குப் போய்விட்டது. அவள் வாசிக்கவில்லை, மனப்பாடமாகச் சொல்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது. ‘செங்கம்’ என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். “செ... இங்... க... இம்...” என்று எழுத்தெழுத்தாகச் சொல்லி, கடைசியில் “செயிங்கயிம்” என்றாள். நாங்கள் சிரித்துவிட்டோம். அவள் சிரிக்கவில்லை.

இதில் அவள் தவறு ஒன்றுமில்லை. மெய்யெழுத்தைத் தனியே ஒலிப்பது கடினம். ஆகவே ஓர் இகரத்தைக் கடனாகக் கொடுத்து இக், இங், இச் என்று பெயர் வைத்துச் சொல்லித் தருகிறோம். சொல்லைப் படிக்கும்போது அந்தக் கடனைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதைக் குழந்தைக்குச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

சரி, சொல்லைப் பிரித்துக் காட்டினால் புரியும் என்று நினைத்தோம். பிரிப்பதுதான் எங்களுக்குத் தெரியுமே! உற்சாகமாக நேரசை, நிரையசை என்று ஆரம்பித்தோம். ‘மலர்’ என்று சொல்லி ஒருமுறை கைதட்டினோம். அவளோ ‘ம - லர்’ என்று இருமுறை தட்டினாள். தவறு என்றோம். ‘கோபுரம்’ என்றோம். அவள் ‘கோ - பு - ரம்’ என்று மூன்று முறை தட்டினாள். அதுவும் தவறு என்றோம். சிறிது நேரத்தில் அவள் சொல்லைக் கவனிப்பதை விட்டுவிட்டு எங்கள் கைகளையே பார்த்துத் தட்டத் தொடங்கினாள். அவ்வழியே வந்த சிஸ்டர் சற்று நின்று கேட்டுவிட்டு, “பிள்ளையின் காது சரியாகத்தான் இருக்கிறது. உங்கள் கேள்விதான் தவறு” என்று சொல்லிப் போனார்கள். அன்று எங்களுக்கு வந்த வெட்கத்தை எழுதி மாளாது.

பிறகு இலக்கண நூலைப் புரட்டிப் பார்த்தோம். யாப்பிலக்கணத்தில் சொல்லப்படும் அசை வேறு, குழந்தை கைதட்டும் ஒலித்துண்டு வேறு. பின்னால் புள்ளி எழுத்து வராத குறில் ஒன்று சொல்லின் முதலில் வந்தால், செய்யுளில் அது தனித்து நிற்காது. அடுத்த எழுத்தையும் கைகோத்துக்கொண்டு நிரையசையாகும். அதனால்தான் ‘மலர்’ ஒரே அசை; ‘கோபுரம்’ கோ - புரம் என இரண்டு அசை, கூவிளம். பேச்சில் வாய் திறக்கும் கணக்கோ வேறு. நம் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘திருவண்ணாமலை’ என்பதில் எழுத்துகள் 7. கைதட்டினால் தி - ரு - வண் - ணா - ம - லை என்று 6. யாப்பின்படி அசை பிரித்தால் திரு - வண் - ணா - மலை, அதாவது நிரை, நேர், நேர், நிரை என 4. ஒரே சொல்லுக்கு மூன்று கணக்குகள், மூன்றும் சரியே. சிறு குழந்தைக்குத் தேவை நடுவிலுள்ள கணக்கு.

ஆங்கிலம் பேசும் குழந்தைகளிடமும் இதைச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இசபெல் லிபர்மன் என்னும் அம்மையாரும் அவருடைய குழுவினரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளைச் சிறு குச்சியால் மேசையைத் தட்டச் சொன்னார்கள். நான்கு வயதுக் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஒலித்துண்டுகளைச் சரியாகத் தட்டினர். தனித்தனி ஒலிகளைத் தட்ட ஒருவராலும் இயலவில்லை. ஆறு வயதில் நூற்றுக்கு 90 பேர் துண்டுகளையும், 70 பேர் தனி ஒலிகளையும் தட்டினார்கள். ஆகவே துண்டு முதலில், தனி ஒலி பிறகு என்பதே பிள்ளைகளின் காதுக்கு இயல்பான வரிசை. நாமோ தனி எழுத்திலிருந்து தொடங்கிவிட்டு, துண்டைச் சொல்லிக்கொடுக்காமலே சொல்லுக்குத் தாவிவிடுகிறோம்.

தமிழில் இதற்கு நல்வாய்ப்பு ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் எந்த எழுத்து எந்தத் துண்டைச் சேர்ந்தது என்று பெரியவர்களே அகராதியைப் பார்க்க வேண்டியிருக்கும். தமிழில் உயிர், உயிர்மெய் ஒவ்வொன்றும் ஒரு துண்டு. புள்ளி எழுத்து மட்டும் தனியே நிற்காது. தனக்கு முன்னால் இருக்கும் எழுத்தின் மடியில் உட்கார்ந்துகொள்ளும். தமிழ்ச் சொல் எதுவும் புள்ளி எழுத்தில் தொடங்காது என்பது தொல்காப்பியர் காலத்து விதி. ஆகவே எந்தப் புள்ளிக்கும் உட்கார மடி ஒன்று நிச்சயம் உண்டு. இந்த ஒரே விதி போதும்.

அடுத்த சனிக்கிழமை இதையே கதையாகச் சொன்னோம். புள்ளி வைத்த எழுத்து இன்னும் நடக்கத் தெரியாத பாப்பா; முன்னால் இருக்கும் அம்மா அதைத் தூக்கிக்கொள்வாள். செ, ங், க, ம் என்று நான்கு அட்டைகளை வைத்தோம். அவளே ‘ங்’ அட்டையை நகர்த்திச் ‘செ’யோடு ஒட்டினாள், ‘ம்’ அட்டையைக் ‘க’வோடு ஒட்டினாள். “செங் - கம்” என்றாள். இருமுறை கைதட்டினாள். பிறகு எங்களைக் கேளாமலே “செங்கம்!” என்றாள். அன்று போளூர், ஆரணி, வந்தவாசி, செய்யாறு என்று ஒரு பேருந்து நிலையமே வராந்தாவுக்கு வந்துவிட்டது. தண்டராம்பட்டுதான் சற்றுப் படுத்தியது: தண் - ட - ராம் - பட் - டு.

இரண்டு புள்ளிகள் சேர்ந்து வந்தால் என்ன செய்வது? கார்த்திகை, வாழ்க்கை, அர்ச்சனை போன்ற சொற்களில் ய், ர், ழ் என்பவற்றை அடுத்து மற்றொரு புள்ளி எழுத்தும் வரும். இதை இலக்கணம் ஈரொற்று மயக்கம் என்கிறது. நாங்கள் “இரட்டைப் பிள்ளைகள்” என்றோம். இரண்டையும் அந்த அம்மாவே சுமக்க வேண்டியதுதான்: கார்த் - தி - கை, வாழ்க் - கை, அர்ச் - ச - னை. தீபத்திருநாள் ஊரில் பிறந்த பிள்ளைகள் ‘கார்த்திகை’யை விரைவில் பிடித்துக்கொண்டார்கள்.

கைதட்டுவதில் ஐயம் வந்தால் இன்னொரு வழி உண்டு. முகவாயின் கீழே புறங்கையை வைத்துக்கொண்டு சொல்லை மெல்லச் சொல்லிப் பாருங்கள். வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் முகவாய் கையைத் தொடும். ‘அண்ணாமலை’ என்றால் நான்கு முறை தொடும். ஆனால் ‘காது’, ‘பட்டு’ போன்ற சொற்களில் கடைசி உகரம் சரியாகப் படாது. அதனால் சில பிள்ளைகள் ஒரே முறைதான் தட்டினார்கள். முன்னைப் போல் ‘தவறு’ என்று சொல்ல வாயெடுத்தவர்கள், இந்த முறை நல்ல வேளையாக நிறுத்திக்கொண்டோம். அதுதான் குற்றியலுகரம். குறிலுக்கு மாத்திரை 1, நெடிலுக்கு 2. இதற்கோ அரை மாத்திரைதான். வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு நாள், மலர் என்பவற்றோடு காசு, பிறப்பு என்று தனி வாய்பாடுகள் வைத்திருப்பதும் இந்த உகரத்துக்காகவே. ஏழு வயதுக் குழந்தையின் காதும் பழைய இலக்கணப் புலவரின் காதும் ஒரே இடத்தில் தயங்குகின்றன! தேர்வுக்காக நெட்டுருப் போட்ட ‘காசு, பிறப்பு’ எதற்காக என்று எங்களுக்கு விளங்கியது அப்போதுதான்.

ஒலித்துண்டை வைத்தே ஒரு பெருங்கடலைப் பாடியவர் நம் ஊரைச் சேர்ந்தவராகச் சொல்லப்படுகிறார். 15-ஆம் நூற்றாண்டினரான அருணகிரிநாதரின் திருப்புகழில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சந்த அச்சு உண்டு. தான, தந்த, தத்த, தனன என்னும் துண்டுகளால் ஆன அந்த அச்சில் சொற்களை வார்த்திருக்கிறார். அதை எங்கள் வகுப்பில் விளையாட்டாக மாற்றினோம். நாங்கள் “தந்த” என்போம். பிள்ளைகள் “பந்து, சங்கு, கும்பம்” என்பார்கள். “தத்த” என்றால் “தட்டு, முத்து, சட்டை”. “தான” என்றால் “வீடு, மாடு, பூனை”. ‘கும்பம்’ சரியாகப் பொருந்தாது, கடைசியில் ஒரு புள்ளி அதிகம் என்று கண்டுபிடித்துச் சொன்னவள் யார் தெரியுமா? ‘செயிங்கயிம்’ என்ற அதே சிறுமி.

பெரிய பிள்ளைகள் சிறியவர்களுக்குச் சொல்லித்தருவது புதிதன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருந்தார். 1789-இல் சென்னை எழும்பூரில் ஆண் பிள்ளைகளின் அநாதை விடுதிப் பள்ளியைக் கவனிக்க வந்த ஆண்ட்ரூ பெல் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதையே தம் பள்ளியிலும் செய்தார். மூத்த மாணவரைக் கொண்டு இளையவருக்குக் கற்பிக்கும் முறையை 1797-இல் நூலாக எழுதினார். அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் பரவியது.

மற்ற நாட்டுப் பிள்ளைகளின் பாடு எப்படி? கொரியாவில் மன்னர் செஜோங் 1446-இல் வெளியிட்ட எழுத்துமுறையில், துண்டின் கடைசி மெய்யையும் சேர்த்து ஒரே சதுரமாக எழுதுகிறார்கள். பிரிக்கும் வேலையே இல்லை. எங்களுக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஜப்பானியரோ நம் புள்ளி எழுத்துப் போன்றதையும் ஒரு தட்டாக எண்ணுவார்கள். தங்கள் நாட்டின் பெயரை நி - ப் - போ - ன் என்று நான்காகத் தட்டுவார்கள். நாம் தட்டினால் நிப் - போன் என்று இரண்டுதான்.

நம் முன்னோரின் பாடு இன்னும் கடினம். ஓலை கிழிந்துவிடும் என்று பெரும்பாலும் புள்ளியே வைக்கமாட்டார்கள். க என்பதா, க் என்பதா? படிப்பவர்தாம் கண்டுகொள்ள வேண்டும். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் அப்படியே குழம்பிக் கிடந்தன. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு வேறு வடிவம் கொடுத்து அக்குழப்பத்தைத் தீர்த்தார். அவர் இதைச் செய்யாவிட்டால் ‘செ’ எது, ‘சே’ எது என்று இந்தப் பிள்ளைகள் இன்றும் விழிப்பார்கள். ஓலையில் படித்த பிள்ளைகள் முதலில் பாடத்தை மனப்பாடம் செய்துவிட்டுப் பிறகு ஏட்டைப் பார்த்தார்கள் என்றால், அவர்களைக் குறைசொல்ல முடியுமா? புள்ளிகள் தெளிவாக அச்சிட்ட புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டும் நம் பிள்ளைகள் அதையே செய்வதுதான் எங்களுக்கு வருத்தம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒலிக்குப் பிரிப்பதும் பொருளுக்குப் பிரிப்பதும் ஒன்றல்ல. ‘மலையடிவாரம்’ என்பதைப் பொருளுக்காகப் பிரித்தால் மலை + அடிவாரம். கைதட்டினால் ம - லை - ய - டி - வா - ரம். இடையில் வந்த ‘ய’ யாருடையது என்று பிள்ளைகள் கேட்பார்கள். உடம்படுமெய்யை விளக்கப் போய் ஒரு சனிக்கிழமையை வீணாக்கினோம். பெற்றோரே, வீட்டில் சொல்லித்தரும்போது அதை ஒத்திவையுங்கள். தினம் ஐந்து சொற்கள் போதும். சமையற்கட்டில் உள்ள பெயர்களே போதும்: புளி, பருப்பு, கொத்தமல்லி.

பத்தாவது சனிக்கிழமை அந்தச் சிறுமியோடு அவள் தாயாரையும் பேருந்து நிலையத்தில் கண்டோம். பேருந்து வளைந்து திரும்புவதற்குள், “வேட் - ட - வ - லம்! அம்மா, நம்ம பஸ்!” என்று கூவினாள். தாயார் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆனால் அவள் ஓடவில்லை. எதிரே ஒரு கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். அதில் ‘ஸ்வீட்ஸ்’ என்று எழுதியிருந்தது.

“அக்கா, இதுல முதல்லயே புள்ளி இருக்கே. இது யார் மடியில உக்காரும்?”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தொல்காப்பியர் விதி பிறமொழிச் சொல்லுக்கு எடுபடவில்லை. அதற்குள் அவளே உதட்டை அசைத்துப் பார்த்து, பாட்டிமார் ‘இஸ்கூல்’ என்பதுபோல, “இஸ் - வீட்ஸ்!” என்று இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அம்மாவின் பின்னால் ஓடினாள்.