வேண்டலும் சுட்டலும் : ஆட்டிசக் குழந்தைகளுக்கான மொழிப் பயிற்சி

1. முன்னுரை

நீர் நிரம்பிய குவளையைக் காட்டி ‘இது என்ன?’ என வினவினால் ‘தண்ணீர்’ என விடையிறுக்கும் குழந்தை, தாகம் எடுக்கும்போது அச்சொல்லைக் கூறாமல் அழுவதுண்டு. ஆட்டிசம் உடைய குழந்தைகள் சிலரிடம் காணப்படும் இந்நிலை, ஒரு சொல்லை அறிதல் என்பது யாது என்னும் வினாவை எழுப்புகிறது. நடத்தையியல் நெறியிலான மொழிப் பயிற்சி, பெயரிடுதலையும் வேண்டுதலையும் இருவேறு திறன்களாகக் கொண்டு, பின்னதைத் தனியே கற்பிக்கிறது.

2. கோட்பாடு

பி.எஃப். ஸ்கின்னர் 1957இல் வெளியிட்ட ‘வெர்பல் பிஹேவியர்’ என்னும் நூலில், கூற்றுகளை அவற்றின் வடிவத்தைக் கொண்டு பகுக்காமல், அவை எழும் சூழலையும் பெறும் விளைவையும் கொண்டு பகுத்தார். பேசுவோரின் தேவையால் தூண்டப்பட்டு, வேண்டிய பொருளையே விளைவாகப் பெறும் கூற்று ‘மேண்ட்’ ஆகும். புறப்பொருளால் தூண்டப்பட்டு, ‘சரி’ என்பது போன்ற பொதுவான ஏற்பைப் பெறும் கூற்று ‘டேக்ட்’ ஆகும். இவற்றை முறையே வேண்டல், சுட்டல் எனத் தமிழில் வழங்கலாம். ‘கேட்டல்’ என்பது செவியுறுதலையும் குறிப்பதால் கலைச்சொல்லாகப் பொருந்தாது.

மொழியின் ஆக்கத்திறனை இக்கோட்பாடு விளக்காது என நோம் சோம்ஸ்கி 1959இல் ‘லாங்குவேஜ்’ இதழில் மறுத்தார். ஆயினும் பயிற்சிக் களத்தில் இப்பகுப்பு நிலைபெற்றது. ஒரு தொடரை ஒரு பயன்பாட்டில் கற்ற பள்ளி முன்பருவக் குழந்தைகளிடம் மற்றப் பயன்பாடு தானே தோன்றவில்லை என லாமார், ஹாலண்ட் ஆகியோரின் 1985ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. பிந்தைய ஆய்வுகள் சிலவற்றில் அது தானே தோன்றியதும் உண்டு. எனவே இப்பிரிவு முற்றானதன்று. ஒன்றைக் கற்பித்தால் மற்றொன்று வந்துவிடும் என நம்பியிருக்கலாகாது என்பதே இதன் பயன்.

3. பயிற்சி முறை

வேண்டலுக்குத் தேவையே அடிப்படையாதலின், பயிற்சியும் தேவையிலிருந்தே தொடங்குகிறது. குழந்தை விரும்பும் உணவை முன்வைத்துக் கரண்டியை மட்டும் வைக்காதிருப்பர். குழந்தை அதனைத் தேடும்போது பயிற்றுநர் ‘கரண்டி’ என்பார். குழந்தை அதனைத் திருப்பிக் கூறியதும் கரண்டி உடனே தரப்படும். அடுத்தடுத்த முறைகளில் இம்முன்மொழிவு சில நொடிகள் தாழ்த்தப்பட்டு, இறுதியில் நீக்கப்படும். கண்முன் இல்லாத பொருளைத் தேவை கருதிக் குழந்தை தானே கூறும்போது அது வேண்டலாகிறது.

பேச்சு வாராத குழந்தைக்குச் சைகையோ படமோ பயன்படும். ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் ஆகியோர் 1985இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் உருவாக்கிய படப் பரிமாற்ற முறையில், குழந்தை விரும்பும் பொருளின் படத்தை எதிரில் இருப்பவரின் கையில் கொடுத்து அப்பொருளைப் பெறுகிறது.

4. தமிழ் வடிவத் தேர்வு

ஆட்டிசம் உடைய குழந்தைகள் மூவிடப் பெயர்களைக் கேட்டவாறே திருப்பிக் கூறுவதை லியோ கானர் 1943இல் பதிவு செய்தார். ‘உனக்குத் தண்ணீர் வேணுமா?’ எனக் கேட்டே நீர் தந்துவந்தால், அவ்வினாவே குழந்தையின் வேண்டலாக அமைந்துவிடக்கூடும். ஆகவே பயிற்சி நூல்களை மொழிபெயர்ப்போர் முன்மொழிவை வினாவாக அமைக்காமல், குழந்தை கூற வேண்டிய வடிவிலேயே தருதல் வேண்டும்.

ஈ, தா, கொடு என்னும் இரத்தற் சொற்களை முறையே இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் கூற்றாகத் தொல்காப்பிய எச்சவியல் வகுக்கிறது. இன்றும் கேட்போருக்கேற்பக் ‘கொடு’, ‘கொடுங்க’ என வடிவம் மாறுகிறது. ‘எனக்குத் தண்ணீர் வேணும்’ என்பதோ தாயிடமும் ஆசிரியரிடமும் மாறாது நிற்பது. எனவே தொடக்கத்தில் பொருட்பெயரும், பின்னர் ‘வேணும்’ தொடரும், அதன்பின் ஏவல் வடிவங்களும் என்னும் வரிசை தமிழுக்கு ஏற்புடையதாகும்.

5. முடிவுரை

வளர்ச்சிக் குறைபாடுடைய சிறார் நால்வரிடம் எட்வர்ட் கார், மார்க் டுரண்ட் ஆகியோர் நடத்திய ஆய்வு 1985இல் வெளிவந்தது. உதவியையோ கவனத்தையோ வேண்டும் தொடர்கள் கற்பிக்கப்பட்டபின் அச்சிறாரின் சிக்கலான நடத்தைகள் குறைந்தன. கேட்க வழியில்லாதபோது அழுகையும் அடித்தலும் வேண்டலின் இடத்தை நிரப்பக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது. ஆதலின், ஒரு குழந்தை எத்தனை சொற்களை அறியும் எனக் கணக்கிடுவோர், அவற்றுள் எத்தனையைக் கொண்டு அது தன் தேவையைப் பெறுகிறது என்பதையும் உடன் கணக்கிடுதல் இன்றியமையாதது.