எண்ணாமல் விட்ட பிள்ளைகள்

சில ஆண்டுகளுக்கு முன், மருங்காபுரிப் பகுதியில் பங்குப்பணி ஆற்றிய நாளில், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததை அடுத்த ஞாயிறன்று மறையுரையில் ஒன்று சொன்னேன்: நாள்தோறும் திருப்பலிக்கு வரும் பிள்ளைகளே நல்ல மதிப்பெண் பெறுகின்றனர். சான்றாக நால்வரைப் பெயர் சொல்லிப் பாராட்டவும் செய்தேன்.

பூசை முடிந்ததும், உளவியல் பயிலும் கல்லூரி மாணவி ஒருத்தி கோயில் முற்றத்தில் காத்திருந்தாள். "சாமி, பூசைக்கு வந்தும் தேறாதவர்கள் எத்தனை பேர்? வராமலே நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் எத்தனை பேர்?" என்றாள். நான் எண்ணவில்லை. அவளுடைய தம்பி தவறாமல் பூசை உதவி செய்பவன். அவ்வாண்டு கணக்கில் தேறாதவன். முன்வரிசையிலிருந்து என் மறையுரையைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒன்றாய் வருவன எல்லாம் காரண காரியம் ஆகா என்று குருமடத்தில் மெய்யியல் வகுப்பில் மனப்பாடம் செய்தவன்தான் நான்!

பெற்றோரே, உளவியல் ஆய்வு முறையின் அரிச்சுவடி இந்த எண்ணிக்கையில்தான் தொடங்குகிறது. வந்து தேறியவர், வந்தும் தேறாதவர், வராமல் தேறியவர், வராமல் தேறாதவர் என நான்கு கட்டங்களையும் நிரப்ப வேண்டும். ஒன்றை மட்டும் நிரப்பியவன் எதையும் அறியான்.

ஒப்பிடுதலின் ஆற்றலுக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெருநிலநடுக்கம் உலுக்கியது. அதன்பின் உலவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்னும் உளவியலறிஞர் திரட்டி 1935இல் வெளியிட்டார். அதிர்ச்சியை உணர்ந்தும் பெருஞ்சேதம் காணாத இடங்களில், கடும்புயல் வருகிறது, சந்திர கிரகணத்தன்று மீண்டும் பூமி நடுங்கும் என்றெல்லாம் பேச்சு. தப்பிப் பிழைத்தவர்கள் ஆறுதலையன்றோ தேட வேண்டும்? இதை மட்டும் பார்த்திருந்தால், இடர் வந்தால் மக்கள் பீதியைப் பரப்புவர் என்று முடிவுகட்டியிருப்போம். ஆனால் 1950இல் டார்ஜிலிங்கில் நேர்ந்த நிலச்சரிவை ஆராய்ந்த துர்கானந்த் சின்ஹா, அழிவை நேரில் கண்ட மக்களிடையே அத்தகைய முன்னறிவிப்பு வதந்திகளைக் காணவில்லை. அமெரிக்க அறிஞர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957இல் இரண்டையும் அருகருகே வைத்து விளக்கம் தந்தார்: அழிவைக் கண்டவனுக்கு அச்சத்தின் காரணம் கண்முன் கிடக்கிறது; காணாதவனோ தன் நடுக்கத்திற்கு ஏற்ற காரணத்தைத் தேடுகிறான், வதந்தி அதை அளிக்கிறது.

அழகிய விளக்கமே. எனினும் சமவெளி மக்கள் வேறு, மலை மக்கள் வேறு. நிலநடுக்கம் வேறு, நிலச்சரிவு வேறு. வேறுபாட்டுக்கு அவையும் காரணமாகலாம். இதனாலேயே, இயலுமிடத்தில் உளவியலார் சீட்டுக் குலுக்கி ஆட்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கின்றனர். நிலநடுக்கத்தைச் சீட்டுக் குலுக்கி வழங்க இயலாது. பூசைக்கு வருவதையும் அப்படித்தான்.

அந்த வாரமே அம்மாணவியும் நானும் அமர்ந்து எண்ணினோம். நான்கு கட்டங்களிலும் பெயர்கள் விழுந்தன. மறு ஞாயிறு பீடத்திலிருந்தே என் கூற்றைத் திரும்பப் பெற்றேன். அன்று மணி அடித்தவன் அவள் தம்பி.