மூங்கில் வடத்தில் ஆயிரம் மீட்டர்

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில், சிகோங் நகரில் ஷென்ஹாய் என்ற உப்புநீர்க் கிணறு இருக்கிறது. 1835இல் அதன் ஆழம் 1,001 மீட்டரை எட்டியது. உலகில் ஆயிரம் மீட்டரைத் தாண்டிய முதல் துளைக் கிணறு அது. எண்ணெய் யுகத்தின் தொடக்கமாகச் சொல்லப்படும் டிரேக்கின் கிணறு அமெரிக்காவில் 1859இல் தோண்டப்பட்டது. அதன் ஆழம் சுமார் 21 மீட்டர்தான். டிரேக்கிடம் நீராவி எந்திரம் இருந்தது, சிகோங்கில் மூங்கிலும் மரமும் இரும்பு உளியும் மனித, மாட்டு உழைப்பும் மட்டுமே இருந்தன. ஆழத்துக்குப் போக எந்திர வலிமையைவிடக் கருவியின் எடையைக் குறைப்பதே முக்கியம் என்பதற்கு ஷென்ஹாய் நல்ல சான்று.

கடலிலிருந்து வெகுதொலைவில் உள்ள சிச்சுவானுக்கு நிலத்தடி உப்புநீர்தான் கதி. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆளுநர் லி பிங் காலத்திலேயே அங்கே உப்புக் கிணறுகள் வெட்டப்பட்டன. ஆள் இறங்கி வெட்டும் அகலக் கிணற்றில் பக்கச்சுவர் சரியும், மேல்மட்ட நன்னீர் புகுந்து உப்புநீரைக் கெடுக்கும். 1040களில் சோங் ஆட்சியில் வந்த குறுவாய்க் கிணறு இரண்டுக்கும் விடை கண்டது. கிண்ணத்தின் அகலமே உள்ள துளையை உளியால் இடித்து இறக்கி, கணு நீக்கிய மூங்கில்களை உள்ளே பொருத்தி நன்னீரைத் தடுத்தார்கள். நம் ஊர் ஏற்றத்தில் ஆள் ஏறி மிதிப்பதுபோல், நெம்புமரத்தின் ஒரு முனையை ஆட்கள் மிதித்தால் மறுமுனையில் தொங்கும் உளி உயரும். காலை எடுத்ததும் விழுந்து பாறையை உடைக்கும். அடியில் தோல் தடுக்கிதழ் பொருத்திய மூங்கில் குழாயை இறக்கிப் பாறைத்தூளை அள்ளுவார்கள். பிறகு உப்புநீர் இறைக்கவும் அதே முறைதான். சில கிணறுகளில் வந்த இயற்கை எரிவாயுவை மூங்கில் குழாய்வழி அடுப்புக்குக் கொண்டுபோய் உப்புக் காய்ச்சினார்கள்.

இதில் முக்கியமானது உளி தொங்கும் வடம். உளியை இரும்புத் தண்டில் பொருத்தினால், ஆழம் கூடக்கூடத் தண்டின் எடையும் ஏறும். ஒவ்வொரு இடியிலும் அந்த எடை முழுவதையும் தூக்கியாக வேண்டும், இணைப்புகளும் உடையும். மூங்கில் கீற்றுகளால் ஆன வடம் இலேசானது, இழுவையைத் தாங்குவது. எனவே ஆழம் கூடினாலும் சில ஆட்களின் கால்பலமே போதுமானதாக இருந்தது.

ஷென்ஹாய் முடியப் பல ஆண்டுகள் ஆயினவே, இதைச் சாதனை என்பதா என்று கேட்கலாம். வேகத்தில் பின்னாளைய எந்திரங்கள் இதை வென்றது உண்மை. ஆனால் வேகம் வேறு, எட்டக்கூடிய ஆழம் வேறு. இரண்டாவதற்குச் சிகோங் முன்பே வழி கண்டுவிட்டது. இது வெறும் பழக்கம், அறிவியல் ஆகாது என்பது இன்னொரு மறுப்பு. மேலே வந்த பாறைத்தூளைப் பார்த்தே எந்த அடுக்கை எட்டியிருக்கிறோம் என்று கணித்தவர்கள் அந்தத் தொழிலாளர்கள். மஞ்சள் உப்புநீர் எந்த அடுக்கில், கறுப்பு உப்புநீர் எந்த அடுக்கில் என்பதையும் பிரித்தறிந்தார்கள். கவனித்து, வகைப்படுத்தி, அதை வைத்து முன்கூட்டிச் சொல்வது அறிவியலின் அடிப்படை வேலைதானே? மேற்கு இந்தத் துளையிடும் முறையைச் சீனாவிடம்தான் கற்றது என்றும் சாதிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் ரஃப்னர் சகோதரர்கள் 1808இல் உப்புநீருக்காகவே, வளைந்து நிமிரும் கழியின் உதவியால் பாறையைத் துளைத்தார்கள். ஒரே தேவை இரு நாடுகளில் ஒத்த வழியைக் காட்டியிருக்கலாம். யார் யாரிடம் கற்றார்கள் என்ற வழக்கு எப்படி முடிந்தாலும், ஆயிரம் மீட்டரை முதலில் தொட்ட பெருமை சிகோங்கின் உப்புத் தொழிலாளர்களுக்கே உரியது.