லோடு வண்டியின் பட்டையும் ஷாக்கும்: கம்பெனிப் பொருளா, வெளிப் பொருளா?

திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை வட்டாரங்களில் விளையும் கத்தரி, வெண்டை, மல்லிகை, மாம்பழம் ஆகியவற்றுக்குச் சென்னை கோயம்பேடு பெரிய சந்தை. ஏறத்தாழ 85 கிலோ மீட்டர் தூரம். 2005ஆம் ஆண்டில் டாடா ஏஸ் விற்பனைக்கு வந்த பின், சிறு விவசாயிகளும் சொந்தமாகவோ, இரண்டு மூன்று பேர் கூட்டாகவோ லோடு வண்டி வைத்துக்கொள்ள முடிந்தது. 'குட்டியானை' என்ற பெயரே அது கிராமத்து வண்டியாகிவிட்டதைக் காட்டும். பலர் வாங்குவது பழைய வண்டி. எஞ்சின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட வண்டியின் அடியிலுள்ள ஸ்பிரிங் பட்டை, ஷாக் அப்சார்பர், ரப்பர் புஷ், டை ராட் எண்ட் ஆகியவற்றைச் சத்தம் வந்த பிறகே கவனிக்கிறார்கள்.

அப்போது மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி, "கம்பெனிப் பொருள் போடவா, வெளிப் பொருள் போடவா?" என்பதுதான். இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. எல்லாவற்றுக்கும் கம்பெனிப் பொருள் என்றால் கைப்பணம் கரையும். எல்லாவற்றுக்கும் மலிவுப் பொருள் என்றால் உயிருக்கே ஆபத்து வரலாம். எனவே விலையை மட்டும் பார்க்காமல், 'இந்தப் பாகம் ஓட்டத்தில் முறிந்தால் என்ன ஆகும்?' என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். விடை அதிலேயே இருக்கிறது.

அடிப்பாகம் செய்யும் வேலை

பட்டை பாரத்தைத் தாங்குகிறது. அச்சு இடம் மாறாமல் பிடித்தும் கொள்கிறது. ஷாக் அப்சார்பர் பாரம் தாங்குவதில்லை. பள்ளத்தில் இறங்கி ஏறிய பட்டை தொடர்ந்து ஆடாமல் அடக்குவதே அதன் வேலை. அதனுள் இருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கப்படுவதால் ஆட்டம் தணிகிறது. எண்ணெய் கசிந்துவிட்டால் சக்கரம் தரையில் பதியாமல் குதிக்கும். பிரேக் பிடித்தால் வண்டி நிற்க அதிக தூரம் ஆகும். டயர் திட்டுத் திட்டாகத் தேயும்.

விவசாயிக்கு இதில் இன்னொரு நட்டமும் உண்டு. குலுங்கும் வண்டியில் போகும் தக்காளி, மாம்பழம், கத்தரி ஆகியவை ஒன்றோடொன்று உரசியும் மோதியும் அடிபடுகின்றன. ஏற்றும்போது தெரியாத காயம் சந்தையில் கறுத்துத் தெரியும். தரம் பிரிக்கும் இடத்தில் விலை இறங்குவதற்கு ஷாக் அப்சார்பரும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

கடையில் கிடைப்பவை நான்கு வகை

முதல் வகை, வண்டிக் கம்பெனியின் பெயர் அச்சிட்ட பெட்டியில் வருவது. இதைத்தான் 'ஒரிஜினல்' என்கிறோம். ஆனால் வண்டிக் கம்பெனிகள் இத்தகைய பாகங்களில் பெரும்பாலானவற்றைத் தாமே செய்வதில்லை. உதிரிபாகத் தொழிற்சாலைகளிடம் வாங்கியே பொருத்துகின்றன. அம்பத்தூர், பாடி, ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் போன்ற இடங்களில் இத்தகைய தொழிற்சாலைகள் பல உள்ளன.

இரண்டாம் வகை, அதே தொழிற்சாலை தன் சொந்தப் பெயரிட்ட பெட்டியில் விற்பது. வண்டிக் கம்பெனியின் பெட்டிக்கான கூடுதல் விலை இதில் இல்லை. சிக்கனம் நாடும் விவசாயிக்கு மிகவும் ஏற்ற வகை இதுவே. உங்கள் வண்டியின் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய பாகம்தானா என்பதைப் பாக எண்ணைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் வகை, வண்டிக் கம்பெனிக்குச் சப்ளை செய்யாத பிற உற்பத்தியாளர்களின் பொருள். இதில் நல்லதும் உண்டு, தரக்குறைவானதும் உண்டு. தயாரிப்பாளர் பெயர், முகவரி, உத்தரவாதம் மூன்றும் இருந்தால் பரிசீலிக்கலாம்.

நான்காம் வகை போலி. பெயர் பெற்ற தொழிற்சாலையின் பெட்டியைப் போலவே அச்சிட்டு உள்ளே மட்டமான பொருளை வைப்பது. இதை 'வெளிப் பொருள்' என்று எண்ணிவிடக் கூடாது. இது ஏமாற்று. 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.

எதில் சிக்கனம் கூடாது

டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட், ஸ்டீயரிங் இணைப்புகள், மெயின் பட்டை, யூ போல்ட் ஆகிய ஐந்தும் முதல் வரிசை. இவற்றில் ஒன்று முறிந்தால் வண்டி ஓட்டுநரின் கையில் இருக்காது. பால் ஜாயிண்ட் என்பது கிண்ணத்துக்குள் சுழலும் எஃகு உருண்டை. மட்டமான பொருளில் உருண்டையின் தண்டு மென்மையாக இருக்கும், தூசி தடுக்கும் ரப்பர் உறை மெல்லியதாக இருக்கும். உறை கிழிந்தால் மண்ணும் நீரும் புகுந்து கிண்ணம் தேயும். ஒரு நாள் உருண்டை கழன்று சக்கரம் சாய்ந்துவிடும். திருத்தணி மலைப்பாதை இறக்கத்தில் இது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தப் பாகங்களுக்கு முதல் வகை அல்லது இரண்டாம் வகைப் பொருளையே போட வேண்டும். காயலான் கடையில் கிடைக்கும் பழைய பால் ஜாயிண்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது.

எதில் சிக்கனம் செய்யலாம்

ஷாக் அப்சார்பர், அதன் புஷ், பட்டையின் ஷேக்கிள் புஷ், ரப்பர் முட்டு ஆகியவை படிப்படியாகத் தேய்பவை. கெடும்போது சத்தம், குலுக்கல் என்று முன்னறிவிப்புத் தருபவை. இவற்றுக்கு இரண்டாம் வகை தாராளமாகப் போதும். நல்ல பெயர் உள்ள மூன்றாம் வகையும் போடலாம். ரப்பர் புஷ் வாங்கும்போது நகத்தால் அழுத்திப் பார்க்கலாம். வெடிப்பு விட்டதும், கல்லாக இறுகியதும், பழைய இருப்பும் வேண்டாம்.

பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை

பட்டை சாதாரண இரும்பு அல்ல. தனி வகை எஃகைச் சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்திச் செய்வது. இந்த எஃகுக்கென்றே ஐ.எஸ். 3431 என்ற இந்தியத் தர நிர்ணயம் உண்டு. தொய்ந்த பட்டையைக் கேஸ் வெல்டிங் நெருப்பில் காய்ச்சி வளைத்தால் அந்தப் பதம் போய்விடும். சில நாளில் மீண்டும் தொய்யும் அல்லது முறியும். மெயின் பட்டையை வெல்டிங் வைத்து ஒட்டுவது அதைவிடப் பெரிய தவறு. அதன் முனையில் சுருட்டியுள்ள கண்தான் அச்சை இடத்தில் நிறுத்துகிறது. அது விட்டால் அச்சு நகர்ந்து வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

கரும்புக்கும் செங்கல்லுக்கும் போகும் வண்டிகளில் கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. வண்டி தொய்யாமல் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்துப் பாரம் தாங்குகிறது என்று மகிழ்கிறார்கள். ஆனால் பிரேக், டயர், அச்சு, சேஸ் எதுவும் பெரிதாகவில்லை. பட்டை வளையாத அளவுக்கு அடி முழுவதும் சேஸில் இறங்கும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடை அளவும் மாறாது. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். நடுவில் தடித்து முனையில் மெலிந்த இரண்டு மூன்று பட்டைகள் மட்டுமே உள்ள வண்டிகளில் பட்டை கூட்டவே கூடாது.

விலையை எப்படிக் கணக்கிடுவது?

கடை விலையை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு. விலையோடு கூலியையும் சேர்த்து, ஓடும் கிலோ மீட்டரால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு மலிவு ஷாக் 1,000 ரூபாய், கூலி 400 ரூபாய், ஓட்டம் 20,000 கிலோ மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கிலோ மீட்டருக்கு 7 பைசா ஆகிறது. நல்ல ஷாக் 1,600 ரூபாய், கூலி அதே 400 ரூபாய், ஓட்டம் 50,000 கிலோ மீட்டர் என்றால் 4 பைசாதான். இவை கணக்குக் காட்டவே எடுத்துக்கொண்ட தொகைகள். உங்கள் வண்டிக்கு உங்கள் கடை விலையை இட்டுப் போட்டுப் பார்க்கலாம். மல்லிகை ஏற்றிய வண்டி விடியற்காலையில் வழியில் நின்றால் பூவின் விலை போய்விடும் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

போலியை அறிவது எப்படி?

1. பழைய பாகத்தைக் கழற்றி எடுத்துச் சென்று புதியதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நீளம், தடிமன், கண்ணின் விட்டம், மரையின் அளவு, எடை யாவும் ஒத்திருக்க வேண்டும்.

2. பாக எண் பெட்டியில் இருந்தால் மட்டும் போதாது. பொருளின் மேலும் தெளிவாகப் பொறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

3. பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை, புகார் தெரிவிக்கும் தொலைபேசி எண் ஆகியவை இருக்க வேண்டும். எழுத்துப் பிழையும் மங்கிய அச்சும் சந்தேகத்துக்கு உரியவை.

4. சுரண்டிப் பார்க்கும் எண்ணோ கட்டம் போட்ட குறியீடோ இருந்தால், பணம் கொடுக்கும் முன் கைப்பேசியில் சரிபார்க்க வேண்டும்.

5. ஜி.எஸ்.டி. எண் உள்ள பில் இல்லாமல் வாங்கக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் மோட்டார் வாகன உதிரிபாகங்களுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துள்ளது. 'பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்' என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். பில் போனால் உரிமையும் போயிற்று.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

நல்ல பொருளும் தவறாகப் பொருத்தினால் கெடும். ஷாக் அப்சார்பரை ஒரே அச்சில் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் வண்டி பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் சாயும். ரப்பர் புஷ் போட்ட போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுதும் இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை அமர்ந்த பிறகே இறுக்க வேண்டும். இல்லையேல் ரப்பர் முறுக்கேறி விரைவில் கிழியும். யூ போல்ட் ஒரு முறை இறுக்கினால் இழுபட்டு நீளும். ஆகவே பட்டை மாற்றும்போது புதிதாகவே போட வேண்டும். பாரத்தோடு சில நூறு கிலோ மீட்டர் ஓடிய பின் மறுபடி இறுக்குவதும் அவசியம். பழைய ஸ்பிலிட் பின்னைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. டை ராட் எண்ட் மாற்றினால் வீல் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும்.

மாதம் ஒரு முறை வீட்டிலேயே சோதிக்கலாம். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கீழே முட்டுக் கொடுத்த பின், மேலும் கீழுமாகவும் இடமும் வலமுமாகவும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். 'டக் டக்' என்ற ஆட்டம் தெரிந்தால் அன்றைய நடையை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் காட்டுவதே அறிவுடைமை.

சட்டம் தரும் பாதுகாப்பு

'வெளியே பழுது பார்த்தால் வாரண்டி போய்விடும்' என்று பயமுறுத்துவது உண்டு. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு எதிராக ஓர் உத்தரவு பிறப்பித்தது. உதிரிபாகங்களை வெளிச் சந்தையில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும், வெளியே பழுது பார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை அடியோடு ரத்து செய்யக் கூடாது என்றும் அதில் கூறியது. வெளியே செய்த தவறான வேலையால் வந்த சேதம் எதுவோ அதற்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்பது அதன் கருத்து. கம்பெனிகள் இதை எதிர்த்து மேல்முறையீடு, வழக்கு என்று சென்றன. வாரண்டி உள்ள புது வண்டிக்காரர்கள் வாரண்டிப் புத்தகத்தைப் படித்துவிட்டு முடிவெடுப்பது நலம். வாரண்டி முடிந்த பழைய வண்டிக்கு இந்தக் கவலையே இல்லை.

திருத்தணிக்காரர்கள் பலர் எல்லை கடந்து நகரி, புத்தூர் சென்றும் உதிரிபாகம் வாங்குகிறார்கள். வேறு மாநிலத்தில் வாங்கிவிட்டோமே என்று தயங்க வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். அதாவது திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் வண்டிக்கும் இது பொருந்தும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பில்லையும் பெட்டியையும் முறிந்த பாகத்தையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. களை எடுக்கவும் அறுவடைக்கும் கூலி ஆட்களை லோடு வண்டியில் ஏற்றிச் செல்வது சட்டப்படி தவறு. வண்டியின் அடியில் எந்தப் பொருள் போட்டிருந்தாலும் அது தவறுதான். கத்தரிக்காய் நசுங்கினால் ஒரு நாள் நட்டம். ஆள் விழுந்தால் ஒரு குடும்பமே நட்டப்படும்.

ஆகவே விவசாயப் பெருமக்கள் ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் பிடித்து நிறுத்தும் பாகங்களுக்குச் செலவைப் பாராமல், தேய்மானப் பாகங்களுக்குத் தரமான வெளிப் பொருளைப் பில்லோடு வாங்கிப் போட்டு, பாரத்தை அளவோடு ஏற்றினால், வண்டியும் விளைச்சலும் ஆளும் பத்திரமாகச் சந்தை சேரும்.