அசையாத உடலுக்குள் ஓர் ஆட்டம்

சாலை விபத்தில் மூளை அடிபட்ட 23 வயதுப் பெண் அவர். கண் திறக்கும், மூடும், தூங்கி விழிப்பார். கையைத் தூக்கச் சொன்னால் தூக்கமாட்டார். ஐந்து மாதங்களாக இதே நிலை. சுயநினைவு இல்லை என்றே மருத்துவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவன் குழுவினர் அவரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, "டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுங்கள்" என்றார்கள். மூளையில் அசைவுகளைத் திட்டமிடும் பகுதி விழித்துக்கொண்டது. "உங்கள் வீட்டுக்குள் அறை அறையாக நடப்பதாக நினையுங்கள்" என்றபோது இடங்களை நினைவுகூரும் பகுதி இயங்கியது. நலமாயிருப்பவர்களின் மூளையிலும் இதேதான் நிகழும். 2006இல் இது வெளியானபோது மருத்துவ உலகமே திகைத்தது. திகைக்கத்தானே வேண்டும்! சொன்னதைக் கேட்டு, புரிந்து, செய்தும் காட்டியிருக்கிறார். உடல் மட்டும்தான் அசையவில்லை.

இவரால் கண்ணசைவால்கூடப் பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு வழியாவது எஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு பிரெஞ்சுப் பத்திரிகை ஆசிரியர் ழான் தொமினிக் போபி சாட்சி. 1995இல் வந்த பக்கவாதம் அவருடைய மூளைத்தண்டைத் தாக்கியது. மூளையிலிருந்து கைகால்களுக்கும் வாய்க்கும் கட்டளை செல்லும் நரம்புப் பாதை அங்கே மிகக் குறுகலானது. அது அறுந்தால் எல்லாம் நின்றுபோகும். சுயநினைவைக் காக்கும் பகுதிகளும் கண்ணிமைக்கான பாதையும் தப்பிவிடலாம். போபிக்கு இடக்கண் இமை தப்பியது. உதவியாளர் எழுத்துகளை வரிசையாகச் சொல்ல, வேண்டிய எழுத்தில் இமைத்து ஒரு முழுப் புத்தகத்தையே எழுதி முடித்தார். 1997 மார்ச்சில் நூல் வெளியான சில நாட்களில் இறந்தார்.

ஆக, உடல் இயலாமை வேறு, மன இயலாமை வேறு. முடிவெடுக்கத் தகுதியற்றவர் என்று சட்டம் சொல்வது மூன்றாவது. இவற்றைக் குழப்பிக்கொள்வதுதான் நோயாளிக்கு நாம் செய்யும் பெரிய அநீதி என்பேன். நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது: சிகிச்சை பற்றிய தன் முடிவை ஒருவர் பேச்சால், முகபாவத்தால், சைகையால், வேறு எந்த வழியிலும் தெரிவிக்கலாம்.

அந்த 23 வயதுப் பெண்ணைப் போல் இன்னும் எத்தனை பேர்? 2024இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில், கட்டளைக்கு எந்த அசைவும் காட்டாத 241 பேரைச் சோதித்தார்கள். 60 பேரின் மூளை கட்டளையைப் பின்பற்றியது. நான்கில் ஒருவர்!

இந்தச் சோதனை எல்லா ஊர் மருத்துவமனைகளிலும் கிடைக்காது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் படுத்திருந்தால், கட்டிலருகே நின்று அவரைப் பற்றிப் பேசாதீர்கள். அவரிடமே பேசுங்கள்.