சைலன்சர் நட்டு வழுக்கினால்

கடலோர ஊர் ஒன்றில் நான்கைந்து மழைக்காலம் பார்த்த பைக்கின் முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். சிலிண்டர் ஹெட்டிலிருந்து சைலன்சர் குழாய் புறப்படும் இடத்தில் இரண்டு நட்டுகள் தெரியும். வண்டியில் இவை படும் பாட்டை வேறு எந்த நட்டும் படுவதில்லை. சக்கரம் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீர் நேராக இவற்றின் மேல்தான் விழும். சூட்டில் தண்ணீர் ஆவியாகிவிடும். அதிலிருந்த உப்பு தங்கிவிடும். இரவில் வண்டி ஆறியதும் காற்றின் ஈரத்தை அந்த உப்பு இழுத்துக்கொள்ளும்.

துருப்பிடித்தால் இரும்பு தேய்ந்து லூசாகும் என்றுதான் தோன்றும். ஆனால் துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். நட்டின் மரைக்கும், ஹெட்டிலிருந்து நீண்டு அதைத் தாங்கும் ஸ்டட் கம்பியின் மரைக்கும் நடுவே இருப்பதோ மயிரிழை இடைவெளி. அதற்குள் துரு வீங்கும்போது ஆப்பு அடித்த மாதிரி ஆகிவிடுகிறது. வெளியே ஆறு முனைகளும் அரித்துப்போக, உள்ளே பிடி இறுகிக்கொண்டே வருகிறது.

இந்த நிலையில் வாய் திறந்த ஸ்பேனரைப் போட்டால் அதன் முழு பலமும் எதிரெதிரான இரண்டு முனைகளில் மட்டும் விழும். ஒரு தரம் வழுக்கினால் அந்த முனைகள் மழுங்கிவிடும். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனரும் முனையருகில்தான் பிடிக்கும். நட்டின் ஆறு முகங்களிலும் உட்காரும் அறுமுனை பாக்ஸ் ஸ்பேனர்தான் இங்கே நம்பக்கூடியது.

நட்டு போனால் போகட்டும், கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். காப்பாற்ற வேண்டியது ஸ்டட்டை. சிறிய வண்டிகளில் அது பென்சில் பருமன்கூட இல்லை, 6 மில்லிமீட்டர்தான். முதன்முதலில் நான் இந்த வேலையில் இறங்கியபோது ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி மிதித்தேன். ரப்பர் போல ஒரு நெகிழ்வு தெரிந்தது. நட்டு சுழல்கிறது என்று மகிழ்ந்தேன். 'டிக்'கென்ற சத்தத்தோடு கை இலகுவானது. ஸ்டட் ஹெட்டோடு ஒட்ட முறிந்திருந்தது. லேத் பட்டறையில் மீதியைத் துளைத்தெடுத்துப் புதிய மரை போட அரை நாள் ஆனது. அந்த நெகிழ்வு கைக்குத் தெரிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்று இப்போது யாருக்கும் சொல்வேன்.

முந்தின நாள் மாலையே கம்பி பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். மறுநாள் காலை மறுபடி விட்டு, சுத்தியலால் நட்டின் பக்கவாட்டில் மெல்லத் தட்டுங்கள். அதிர்வில் துரு விரிசல் விடும், எண்ணெய் உள்ளே இறங்கும். முதலில் இம்மியளவு இறுக்கிவிட்டுப் பிறகு கழற்றுங்கள். அசைந்ததும் முழுக்கத் திருப்பிவிடாமல், கால் சுற்று முன்னே, அரைக்கால் சுற்று பின்னே என்று ஆட்டி ஆட்டி வெளியே கொண்டுவர வேண்டும்.

அதற்கும் மசியாவிட்டால் சூடு. பெட்ரோல் டாங்கைக் கழற்றித் தூரமாக வைத்து, எண்ணெயைத் துடைத்துவிட்டு, சின்ன கேஸ் டார்ச்சின் நெருப்பை நட்டின் மேல் மட்டும் காட்ட வேண்டும். ஸ்டட்டுக்கு முன்னால் நட்டு சூடேறி விரியும். துருவின் பிடி நொறுங்கும். சூடான நட்டின் மேல் மெழுகுவர்த்தியைத் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் ஓடும். ஹெட்டின் மேல் நெருப்பு போகாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். அது அலுமினியக் கலவை, சுத்த அலுமினியம் உருகும் 660 டிகிரி செல்சியஸுக்கு முன்பே உருகத் தொடங்கும், இரும்பைப்போல் சிவந்து எச்சரிக்கை தராது.

முனைகள் முழுவதும் மழுங்கிப்போன நட்டுக்கு, ஒரு அளவு சிறிய பாக்ஸை மேலே வைத்துத் தட்டி இறக்கலாம். எனக்குப் பிடித்தது வெல்டிங் வழி: பழைய நட்டின் மேல் பெரிய நட்டை வைத்துப் பற்றவைத்தால் புதிய முனைகளும் கிடைக்கும், உள்வரை சூடும் ஏறும். பேட்டரி இணைப்பை மட்டும் முதலில் எடுத்துவிடுங்கள். வெல்டிங் வசதி இல்லையென்றால் உளியாலோ நட்டு பிளக்கும் கருவியாலோ ஒரு பக்கத்தைப் பிளந்துவிடலாம். சில சமயம் நட்டோடு ஸ்டட்டும் முழுசாகச் சுழன்று வந்துவிடும். அது நல்லதே, புது ஸ்டட் போட்டால் போதும்.

மாட்டும்போது பித்தளை நட்டு போடுங்கள், மரையில் செம்பு கிரீஸ் தடவுங்கள். பித்தளை இரும்பைப்போல் துருப்பிடிக்காது. சாதாரண கிரீஸ் எரிந்து போகும் சூட்டிலும் செம்புத் துகள்கள் மரைக்குள் தங்கியிருக்கும்.