மார்பகப் புற்றுநோயும் ஹார்மோன் தடுப்பு மருந்தும்

இந்தியப் பெண்களை மிகுதியாகத் தாக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே ஆகும். அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் பெரிய மருத்துவமனைகள் இன்றியமையாதவை. ஆயினும் அச்சிகிச்சைகளுக்குப் பின் நோய் திரும்பாமல் காப்பதில், வீட்டிலேயே நாள்தோறும் உட்கொள்ளும் 20 மில்லிகிராம் மாத்திரை ஒன்றுக்குப் பெரும்பங்கு உண்டு. அதுவே டாமாக்சிஃபென்.

சினைப்பைகளை அகற்றினால் சில பெண்களின் மார்பகக் கட்டி சுருங்குவதை கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் 1896இல் வெளியிட்டார். காரணம் பின்னரே விளங்கிற்று. ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன், புற்றணுக்களிலுள்ள ‘ஏற்பி’ என்ற புரதத்தோடு இணைந்து அவற்றைப் பெருகத் தூண்டுகிறது. டாமாக்சிஃபென் அந்த ஏற்பியில் முந்திச் சென்று இடம்பிடித்துக்கொள்கிறது. பிரிட்டனில் 1960களில் கருத்தடைக்காக ஆராயப்பட்ட மருந்து இது! எலிகளில் கருவுறுதலைத் தடுத்த அது, பெண்களிடம் அவ்வாறு செயல்படவில்லை. 1971இல் மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையிலிருந்து வெளியான ஆய்வே அதனைப் புற்றுநோய் மருந்தாக அறிமுகப்படுத்தியது.

ஏற்பி இல்லாத கட்டிக்கு இம்மருந்தால் பயனில்லை. எனவே கட்டியின் திசுவைச் சோதித்தறிதல் முதற்படியாகும். இங்கேதான் கவனம் தேவை. அகற்றிய திசுவை ஒரு மணி நேரத்திற்குள் போதிய அளவு ஃபார்மலினில் இட வேண்டும். சிறிய மருத்துவமனையில் அது மேசைமீதே காத்திருந்தால் ஏற்பிகள் சிதைந்துவிடலாம். ‘ஏற்பி இல்லை’ எனத் தவறான முடிவு வரலாம். மருந்தால் பிழைத்திருக்கக்கூடிய ஒரு பெண்ணுக்கு அது எழுதித் தரப்படாமலே போய்விடும். சில ரூபாய் ஃபார்மலினைப் பொறுத்தது இது.

அடுத்த இடர் காலநீட்சி. ஏற்பியுள்ள நோயாளிகள் ஐந்தாண்டுகள் உட்கொண்டால் இந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைகிறது. ஆனால் உடல் நலமாக உள்ளபோது, திடீர் வெப்ப உணர்வையும் வியர்வையையும் பொறுத்துக்கொண்டு மாத்திரை விழுங்குவது எளிதன்று. பலர் இடையில் நிறுத்திவிடுகின்றனர். தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றுள்ள மலிவான மருந்துதான். எனினும் அதற்காக மாதந்தோறும் தொலைநகருக்குச் செல்ல நேர்ந்தால், பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் மாத்திரையின் விலையை மிஞ்சிவிடும். வட்டார மருத்துவமனையிலேயே அது கிடைப்பதே முறை.

மாதவிடாய் நின்றவர்களுக்கு, ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே குறைக்கும் லெட்ரோசோல் போன்றவையும் தரப்படுகின்றன. இவை எலும்பை நலிவிக்கக்கூடும். டாமாக்சிஃபென் அரிதாக இரத்தக்கட்டியையும் கருப்பைப் புற்றையும் உண்டாக்கலாம். ஆகவே மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு ஏற்பட்டாலோ, ஒரு காலில் மட்டும் வீக்கம் கண்டாலோ உடனே மருத்துவரிடம் தெரிவிக்குமாறு, மருந்து வழங்கும் முதல் நாளிலேயே நோயாளிக்கு விளக்கிக் கூறுவது வழக்கம்.